இரண்டாவது வரி: தகவல் கிடைத்துவிட்டது

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில், மான்டிவிடியோ பழைய நகரத்தில், 'நான்கு விசைகள்' மென்பொருள் கூட்டுறவின் மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் பின்வருமாறு.

மேசையின் தலைமாட்டில், பச்சை நாற்காலியில், கூட்டுறவின் தலைவர் எல்பியோ சரசோலா. இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், வலது கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுக்கை, முகத்தில் மூன்று நாள் கோபம்.

அவருக்கு வலப்புறம், சிவப்பு நாற்காலியில், செயலாளர் சுல்மா இருரேத்தா. அவர் முன்னால் அடித்து முடித்த ஒரு கடிதமும் இன்னும் ஒட்டாத ஓர் உறையும்.

இடப்புறம், மஞ்சள் நாற்காலியில், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மில்டன் ஃபகுண்டெஸ். சட்டை மடிப்பில் கோதுமை மாவு.

ஜன்னலோரம், சாரல் அடிக்கிற இடத்தில், வண்ணம் பூசாத வெறும் மர நாற்காலியில், அனாஹி தெச்சேரா. உறுப்பினர் ஆனவர்தான் தன் நாற்காலிக்குத் தனக்குப் பிடித்த வண்ணம் பூசலாம் என்பது அந்தக் கூட்டுறவின் வழக்கம். அனாஹி தகுதிகாண் காலத்தில் இருந்தாள். அது இன்றோடு முடிகிறது.

மேசையின் கால்மாட்டில், விருந்தாளி நாற்காலியில், துப்பறியும் ஒஃபேலியா பெந்தான்கோர். ஐம்பத்தைந்து வயது, தலையில் இரண்டு மூக்குக் கண்ணாடி, கைப்பையில் மூன்றாவது. அவருக்குப் பக்கத்தில், நாற்காலி போதாமல், அச்சுக் காகிதப் பெட்டியின் மேல், அவருடைய உதவியாளன் வில்மர்.

நிற்க. வில்மருக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, பெட்டி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு, மாத்தே குடுக்கை மேசையை இரண்டு சுற்று வந்தும் அவன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"பாஸ், இங்க துப்பு கிடைக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தாகத்துல உயிர் போயிடும்" என்று கிசுகிசுத்தான்.

"செத்தா கேஸ் பெருசாகும். பொறுத்துக்கோ" என்றார் ஒஃபேலியா.

அவருடைய அலுவலகம் அதே கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுல்மாதான் இறங்கி வந்து கதவைத் தட்டியிருந்தார். "நான் அடிச்ச கடிதத்தை நானே நம்பல" என்பது அவர் சொன்ன முதல் வாக்கியம். தகுதிகாண் காலம் முடிகிற நாளில் இரண்டில் ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போயாக வேண்டும். சேர்த்துக்கொண்டோம் என்று ஒரு கடிதம், அல்லது போய் வா என்று ஒரு கடிதம். தபால் கவுன்டர் ஐந்து மணிக்கு மூடும். சுல்மாவின் முன்னால் இருந்தது இரண்டாவது வகை.

"நடந்ததை ஒருத்தர் மட்டும் சொல்லுங்க" என்றார் ஒஃபேலியா.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். பச்சை நாற்காலிதான் ஜெயித்தது.

"இந்தக் கூட்டுறவு விக்கியில நிக்குது, அம்மா" என்றார் எல்பியோ. "வேலை செய்யுற முறை எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கோம். யார் வேணா படிக்கலாம், யார் வேணா திருத்தலாம். லிஃப்ட் கதவு மாட்டிக்கிட்டா எங்க உதைக்கணும்ங்கிறதுக்குக்கூட பக்கம் இருக்கு. அதோ பாருங்க."

சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: விக்கியில் இல்லாதது உலகில் இல்லை. கீழே எல்பியோவின் கையெழுத்து.

"அப்போ நான் உலகத்துல இல்ல" என்றான் வில்மர். "அதான் மாத்தே வரலை."

எல்பியோ அவனைக் கவனிக்கவில்லை. "பேருந்து நிறுவனத்தோட அறிவிப்புப் பலகையெல்லாம் நம்ம மென்பொருள்லதான் ஓடுது. செவ்வாய்க்கிழமை மழையில அத்தனை பலகையும் நின்னுபோச்சு. நின்னா என்ன செய்யணும்னு விக்கியில ஒரு பக்கம் இருக்கு. இந்தக் கூட்டுறவுலேயே அழகா எழுதின பக்கம் அதுதான். மில்டன் அதைத் திறந்தான். திறந்தா…"

மில்டன் முடித்து வைத்தான்.

"பொரிச்ச ரொட்டி."

"என்னது?"

"தோர்த்தா ஃப்ரீத்தா. மழை பெஞ்சா வீட்டுக்கு வீடு போடுவோமே, நடுவுல ஓட்டை வச்சு, அதோட செய்முறை. பழைய பக்கம் பூரா போயிடுச்சு. அதே தலைப்பு, கீழ ரொட்டி."

"நீ என்ன செஞ்ச?"

"செஞ்சேன்."

"என்ன செஞ்ச?"

"ரொட்டி செஞ்சேன்."

வில்மரின் பெட்டி இன்னும் இரண்டு விரல் இறங்கியது. "ஊரு பூரா ஜனங்க பஸ் எங்க நிக்குதுன்னு தெரியாம நனைஞ்சுக்கிட்டு நிக்க, நீ மாவு பிசைஞ்ச?"

"பக்கத்தோட வாதாடக் கூடாதுங்கிறது எங்க முதல் விதி" என்றான் மில்டன், ரோஷத்துடன். "தப்பா இருந்தா திருத்து. திருத்துற வரைக்கும் அதும்படி நட."

"அப்போ திருத்தியிருக்கலாமே?"

"கையில மாவு. எப்படிங்க டைப் அடிக்கிறது?"

ஒஃபேலியா தலையிலிருந்த ஒரு கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். சுல்மா அச்சடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். வில்மர் அதை வாங்கி, வானொலியில் செய்தி வாசிக்கிற குரலில் படித்தான்:

"ஒன்று. பதற்றப்பட வேண்டாம். மழை இப்போதைக்கு நிற்காது.

இரண்டு. தகவல் கிடைத்துவிட்டது.

மூன்று. தேவையானவை: கோதுமை மாவு, உப்பு, மாட்டுக் கொழுப்பு, பிளாஸ்க் வெந்நீர். துணைக்கு ஆள் வேண்டாம்.

நான்கு. பிசைந்து, துணியால் மூடி, அரை மணி நேரம் விடவும். யார் என்ன சொன்னாலும் தொடக் கூடாது.

ஐந்து. புகை வந்தால் ரொட்டியைப் போடவும்.

ஆறு. கேட்டு வருகிறவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லவும்."

வில்மர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"நல்ல ரொட்டிதான்" என்றான் வில்மர். "ஆனா பாஸ், இந்த ரெண்டாவது வரி? எங்க வீட்டுலயும் பொரிச்ச ரொட்டி போடுவாங்க. நடுவுல யாரும் தகவல் கிடைச்சிடுச்சுன்னு சொன்னதில்ல."

"அதை மடிச்சு பையில வை. கசக்காம" என்றார் ஒஃபேலியா. "இதை யார் எழுதினதுன்னு விக்கி சொல்லுமே?"

"சொல்லுது" என்றார் எல்பியோ. ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார். "செவ்வாய் காலையில. திருத்தியவர் அனாஹி தெச்சேரா. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் இருக்கும், ஏன் மாத்தினீங்கன்னு கேக்கும். அதுல என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'முதல் முயற்சி'!"

"அதைப் படிச்சதும் எங்களுக்குக் குலை நடுங்கிப்போச்சு" என்றார் சுல்மா. "முதல் முயற்சின்னா, அடுத்தது வரப்போகுதுன்னுதானே?"

"நான் எழுதல" என்றாள் அனாஹி. மூன்று நாளில் பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல். "நான் எழுதியிருந்தா சொல்லிடுவேன். இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல வேலை பார்த்தேன், ரெண்டையும் மூடிட்டாங்க. இதுதான் மூடாத இடம். இதுல போயி நான் ரொட்டி போடுவேனா?"

"பழைய பக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது யாரு?" என்று கர்ஜித்தார் எல்பியோ. "இவதான்! ஒரே அழுத்துல! எங்க யாருக்கும் தெரியாத வித்தை! ஒளிச்சு வச்சவனுக்குத்தானே எடுக்கத் தெரியும்?"

"தலைவரே, அதுக்கு ஒரு பொத்தானே இருக்கு. 'பழைய வடிவம்'னு எழுதியிருக்கும்."

"பார்த்தீங்களா, பொத்தான் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கா!"

ஒஃபேலியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவரே, ஒண்ணு கேக்குறேன். மழையில நனைஞ்ச ஜனங்களே அன்னைக்கு சாயங்காலம் மறந்துட்டாங்க. உங்களுக்கு ஏன் மூணு நாளாச்சு ஆறலை?"

எல்பியோ சட்டென்று மாத்தே உறிஞ்ச ஆரம்பித்தார். குடுக்கை காலியாகிக் குறட்டை விட்ட பிறகும் உறிஞ்சினார்.

"சரி" என்றார் ஒஃபேலியா. "சுல்மா, இந்தப் பொண்ணு இதுவரைக்கும் எழுதினது எல்லாத்தையும் காட்டுங்க."

சுல்மாவின் திரையில் பட்டியல் நீளமாக ஓடியது. ஒஃபேலியா இரண்டாவது கண்ணாடியையும் முதல் கண்ணாடியின் மேல் போட்டுக்கொண்டு படித்தார். திடீரென்று சிரித்தார்.

"வில்மர், இங்க வா. விளையாட்டுப் பக்கத்தைப் பாரு. அனாஹி எழுதுறா: 'பெனியரோல் அணிக்கு நிகர் கிடையாது.' கொஞ்ச நேரத்துல அனாஹியே திருத்துறா: 'மேற்படி வரி பச்சைப் பொய். நசியோனால்தான் அணி.' திரும்ப அனாஹி: 'மேற்படி வரியை எழுதியவருக்குக் கண் டாக்டர் தேவை.' திரும்ப அனாஹி: 'உன் மூஞ்சி.'"

வில்மர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். "ஏம்மா, தனியா இருக்கும்போது நீங்க ரெண்டு பேரா?"

"எனக்கு ஃபுட்பாலே பிடிக்காது" என்றாள் அனாஹி.

மில்டன் மேற்கூரையில் ஏதோ விரிசலைக் கண்டுபிடித்தவன்போல அண்ணாந்து பார்த்தான். சுல்மாவுக்கு இருமல் வந்தது.

"சுல்மா அம்மா" என்றார் ஒஃபேலியா மிருதுவாக, "'உன் மூஞ்சி' யாரோடது?"

"அது… அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான்" என்றார் சுல்மா.

"எங்கிருந்து எழுதினீங்க?"

"சமையலறையிலிருந்து."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒஃபேலியா எழுந்தார். வில்மரும் எழுந்தான். பெட்டி மட்டும் எழவில்லை.

சமையலறை இரண்டு ஆள் நிற்கிற அளவுதான். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஒரு கிழட்டு மடிக்கணினி திறந்தபடி உட்கார்ந்திருந்தது. விசைகளின் இடுக்கில் வெள்ளையாக மாவு. திரையின் மூலையில்: வணக்கம், அனாஹி.

"நான் சேர்ந்த முதல் வாரம்" என்று பின்னால் வந்த அனாஹி சொன்னாள். "இந்த ஃப்ரிட்ஜ் கதவை எப்படி மூடுறதுன்னு பக்கம் எழுத இந்தக் கணினியில உள்ள நுழைஞ்சேன். 'என்னை நினைவில் வைத்துக்கொள்'னு கேட்டுச்சு. சரின்னு சொன்னேன்."

"கணினியும் விசுவாசமா இருந்திருக்கு" என்றான் வில்மர். "ஆக, இங்க நின்னு யார் எழுதினாலும் அனாஹி. நான் என் மாமியாருக்குச் சாபம் எழுதினாலும் அனாஹி."

தட்டில் ஒரு துணிக்கு அடியில், நேற்றைய மழைக்கு மில்டன் போட்ட ரொட்டி நான்கு மீதம் இருந்தது. வில்மர் சாட்சியங்களைப் பரிசோதிக்கத் தொடங்கினான்.

வாசலில் எல்பியோ வந்து நின்றார். "அப்போ யார் வேணா எழுதியிருக்கலாம். யார் வேணான்னா அதுல இவளும் உண்டு. சுல்மா! உறையை ஒட்டு!"

"மணி நாலுகூட ஆகலையே தலைவரே" என்றார் ஒஃபேலியா. "ஒரு சின்ன வேலை. எல்லாரும் இந்தக் கணினியில ஆளுக்கு ஒரு புதுப் பக்கம் எழுதுங்க. தலைப்பு: 'குடை பிடிப்பது எப்படி.' வில்மர் பக்கத்துல நிப்பான்."

"எதுக்கு?"

"எனக்குக் குடை பிடிக்கத் தெரியாது."

முதலில் மில்டன் வந்தான். 'புதிய பக்கம்' என்ற பொத்தானை அழுத்தினான். 'மழை வரும் பக்கம் பார்த்துப் பிடி' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனான்.

அடுத்து சுல்மா. 'புதிய பக்கம்'. 'இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கவும். யாருக்குச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.' வில்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தக் குடை இந்த நிமிஷம் கீழே ஒஃபேலியாவின் அலுவலகத்தில் மாட்டியிருந்தது.

அனாஹி எழுதியது பத்து நொடிகூட எடுக்கவில்லை. பொத்தான், நான்கு வரி, பக்கத்துக்குப் பக்கம் இணைப்புகூடக் கொடுத்தாள்.

எல்பியோ அசையவில்லை. "தலைவர் எழுத மாட்டார். எழுத வைப்பார்."

"ஓ" என்றான் வில்மர், ரொட்டியை மென்றபடி. "எழுத வராதா? பரவாயில்ல தலைவரே, எங்க மாமாவுக்கும் வராது. கைநாட்டு வச்சே காலத்தை ஓட்டிட்டாரு."

எல்பியோவின் காது சிவந்தது. பிளாஸ்கைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அந்த ஊரில் ஓர் ஆண் பிளாஸ்கைக் கீழே வைத்தால் விஷயம் சண்டை வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். கணினிக்கு முன் நின்றார். நெட்டி முறித்தார்.

அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஏற்கெனவே இருக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறவர் மாதிரி ஒன்றைத் தள்ளி, இன்னொன்றைத் தடவி, கடைசியில் ஒன்றில் நின்று, "ம், இது நல்லா எழுதினது" என்றார். பிறகு ஒற்றை விரலால் முதல் வரியை அழித்தார். அந்த இடத்தில் குடை. இரண்டாம் வரியை அழித்தார். அங்கேயும் குடை. ஒரு வரியையும் விடாமல், நிதானமாக, கீழே இறங்கிக்கொண்டே போனார். சேமித்தார். சின்னக் கட்டம் ஏதோ கேட்டது. இரண்டு சொல் எழுதினார். பெருமையாக நிமிர்ந்தார்.

வில்மர் திரையின் தலைப்பைப் பார்த்தான். ரொட்டி தொண்டையில் நின்றது. "பாஸ்…"

வாசலில் நின்ற ஒஃபேலியா கண்ணாலேயே அவன் வாயை மூடினார்.

எல்லாரும் அறைக்குத் திரும்பிப் பழையபடி உட்கார்ந்தார்கள். வில்மர் மட்டும் தரையில்.

"முடிஞ்சுதா?" என்றார் எல்பியோ. "சுல்மா, கடிதம்."

"ஒரு நிமிஷம் தலைவரே. விலக்குறது பதினாலாம் விதிப்படி. அதை உரக்கப் படிச்சிட்டுத்தான் உறையை ஒட்டணும்." சுல்மா விக்கியில் 'கூட்டுறவின் சட்டவிதிகள்' பக்கத்தைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். "பதினான்காம் விதி. உள்ளே நுழையுமுன் குடையை வாசலில் நன்றாக…"

நின்றார். மேலே போய்ப் பார்த்தார். கீழே போய்ப் பார்த்தார்.

"முதல் விதியில குடை. ரெண்டாம் விதியில குடை. தலைவர் தேர்தல்ல குடைக்கம்பி. தலைவரே, நம்ம கூட்டுறவே போயிடுச்சு! பூரா குடை! எழுதினது…" அவர் குரல் இறங்கியது. "அனாஹி தெச்சேரா."

எல்பியோ துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா! பட்டப்பகல்ல! போலீஸ்காரி முன்னாடியே!"

"நான் போலீஸ் இல்ல" என்றார் ஒஃபேலியா.

"திருப்பாத, திருப்பாத!" என்று மில்டன் அனாஹியின் காதருகே குனிந்தான். "பதினாலாம் விதி இல்லேன்னா உன்னை எடுக்கவே முடியாது. விக்கியில இல்லாதது உலகத்துல இல்ல. பேசாம இரு!"

அனாஹி சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த உறையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், சுல்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். சட்டவிதிகள் திரும்பி வந்தன. பதினான்காம் விதியும் வந்தது.

"பக்கம் தப்பா இருந்தா திருத்தணும்" என்றாள். "அதுதானே முதல் விதி."

"எவ்வளவு வேகம் பாருங்க!" என்றார் எல்பியோ. ஆனால் குரலில் பாதிதான் இருந்தது.

"சுல்மா" என்றார் ஒஃபேலியா, "குடை எழுதினவர் அந்தச் சின்னக் கட்டத்துல என்ன எழுதியிருக்கார்?"

சுல்மா குனிந்தார். "'இரண்டாம் முயற்சி.'"

அறையில் இருந்த எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பச்சைப் பக்கம்.

"என்ன?" என்றார் எல்பியோ. "ஆமா, அது என் ரெண்டாவது பக்கம். அப்படித்தானே போடணும்?"

"வில்மர், அந்தத் தாளை எடு. சுல்மா, பழைய பக்கத்தை நீங்க படிங்க. பலகை நின்னா செய்ய வேண்டியது. அவன் ஒரு வரி, நீங்க ஒரு வரி."

"ஒன்று. பதற்றப்பட வேண்டாம்" என்றார் சுல்மா.

"ஒன்று. பதற்றப்பட வேண்டாம். மழை இப்போதைக்கு நிற்காது" என்றான் வில்மர்.

"மூணுக்குப் போங்க."

"தேவையானவை: சாவிக்கொத்து, கைவிளக்கு, துணைக்கு ஓர் ஆள்."

"தேவையானவை: மாவு, உப்பு, கொழுப்பு, வெந்நீர். துணைக்கு ஆள் வேண்டாம்."

"கேட்டீங்களா?" என்றார் ஒஃபேலியா. "யாரும் பக்கத்தைக் கெடுக்கல. இருக்கிறதுலேயே அழகான பக்கத்தை மாதிரியா வச்சுக்கிட்டு, வரிக்கு வரி பதில் எழுதியிருக்காங்க. 'புதிய பக்கம்'னு ஒரு பொத்தான் இருக்கிறதே தெரியாத ஒருத்தர். அனாஹி எழுதின பக்கம் நூறு தாண்டும், அவ எதுக்கு 'முதல் முயற்சி'ன்னு போடப் போறா? இப்போ ரெண்டாவது வரியைப் படிங்க."

சுல்மா படித்தார். மெதுவாக.

"இரண்டு. தலைவருக்குத் தகவல் சொல்லவும்."

வில்மர் தாளைப் பார்த்தான். வாய் காது வரைக்கும் போனது. எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துப் படித்தான்: "இரண்டு. தகவல் கிடைத்துவிட்டது."

"இந்த உலகத்துல தலைவருக்குத் தகவல் சொல்லத் தேவையில்லாத ஆள் ஒருத்தர்தான்" என்றார் ஒஃபேலியா.

எல்பியோ உட்கார்ந்தார். பச்சை நாற்காலி முனகியது. பிறகு அவர் சொன்னது யாரும் எதிர்பார்க்காதது.

"அப்போ… அவ அதைத் திருடலையா?"

"எதை?"

"என் ரொட்டியை!" குரல் உடைந்தது. "எல்லாரையும் எழுது எழுதுன்னு விரட்டுறேன், நான் ஒரு பக்கம்கூட எழுதினதில்லன்னு வெக்கமா இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சது அந்த ரொட்டி ஒண்ணுதான். வருஷக் கடைசிக் கூட்டத்துல காட்டலாம்னு ரகசியமா எழுதினேன். மதியம் தேடுறேன், காணோம். எங்கேயும் காணோம்! அப்புறம் பார்த்தா பலகைப் பக்கத்துல என் ரொட்டி இருக்கு, மேல இவ பேரு இருக்கு! என் ரொட்டியையும் நான் போட்ட 'முதல் முயற்சி'யையும் சேர்த்துத் திருடி, தன் பேரைப் போட்டு, போயும் போயும் அவசரகாலப் பக்கத்துல கொண்டுபோய்…"

"அதான் மூணு நாளா ஆறலை" என்றார் ஒஃபேலியா.

"பள்ளிக்கூடத்துல எனக்கு மாதிரிக் கடிதப் புத்தகம்தான் பழக்கம். நல்ல கடிதமா ஒண்ணை முன்னாடி வச்சுக்கிட்டு, வரிக்கு வரி நம்ம விஷயத்தைப் போடணும். புத்தகத்துல எழுதினா புத்தகம் அழியாதே! இது ஏன் அழியுது?"

எல்லார் வாயும் சிரிப்பை அடக்குவதில் இருந்தது.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்றார் ஒஃபேலியா. "மில்டன், பலகையெல்லாம் எப்படித் திரும்ப ஓடுச்சு? நீதான் ரொட்டி போட்டுக்கிட்டிருந்தியே?"

மில்டன் தலையைச் சொறிந்தான். "நாலாவது வரி. மூடி, அரை மணி நேரம் தொடாமல் விடவும். மாவை மட்டுமா, பலகையெல்லாம் ஓட்டுற மெஷினையுமான்னு தெளிவா இல்ல. அதனால ரெண்டையும் மூடிட்டேன். துணி போடுறோமேன்னு முன்னாடியே கரண்டையும் அணைச்சுட்டேன். மாவுக்கு ஈரத்துணி, மெஷினுக்குக் காய்ஞ்ச துணி. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. ரொட்டி வெந்ததும் போட்டேன். ஓடுச்சு."

"பழைய பக்கத்துப்படி?"

"அணைச்சு உடனே போடணும். வராது. திரும்ப அணைச்சு உடனே போடணும். வராது. பொழுது சாயற வரைக்கும் அதேதான்."

சுல்மா எதையோ தேடி எடுத்தார். "பேருந்து நிறுவனத்துக்காரங்க அன்னைக்கே எழுதியிருக்காங்க. இவ்வளவு சீக்கிரம் சரியானது இதுதான் முதல் தடவைன்னு. நான் கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன்."

எல்பியோவின் முதுகு ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தது. "என் ரொட்டியா?"

"உங்க ரொட்டிதான் தலைவரே" என்றான் வில்மர். "மெஷினுக்கும் மழை நாள்ல கொஞ்சம் தூங்கணும்போல இருக்கும்ல."

அனாஹி அதற்குள் சுல்மாவின் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். "பலகைப் பக்கத்துல நாலாவது வரியை மாத்திட்டேன். அணைத்து, மூடி, அரை மணி நேரம் தொடாமல் விடவும். ரொட்டிக்குத் தனிப் பக்கம் போட்டாச்சு. எழுதியவர்: எல்பியோ சரசோலா." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவது வரியை அப்படியே விட்டுட்டேன். அது இல்லாம ரொட்டி ருசிக்காது."

எல்பியோ தன் குடுக்கையில் வெந்நீர் ஊற்றினார். தான் குடிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் அனாஹியிடம் நீட்டினார்.

"பொண்ணே… மணி என்ன?"

"நாலே முக்கால்" என்று அலறினார் சுல்மா. "கடிதம்! ஒரு கடிதமும் போகலேன்னா விலக்கினதாத்தான் கணக்கு!"

"சேர்த்துக்கிட்ட கடிதம் எப்படி எழுதுறது? எனக்கு மாதிரி இல்லையே!" என்று எல்பியோ தவித்தார். பிறகு அவர் கண் மேசைமேல் விழுந்தது. விலக்கல் கடிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். வெள்ளைத்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். இந்த முறை பேனா.

'தங்கள் சேவை இனித் தேவையில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இருந்த இடத்துக்கு, 'தங்கள் சேவை இனியும் தேவை என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதினார்.

'கைவசமுள்ள சாவியை உடனே ஒப்படைக்கவும்' என்பதற்கு, 'சாவியை வைத்துக்கொள்ளவும். சமையலறைக் கணினியிலிருந்து பெயரை மட்டும் வெளியே எடுக்கவும்.'

'நாற்காலியை இருந்தபடியே விட்டுச் செல்லவும்' என்பதில் வந்ததும் பேனா நின்றது.

"என்ன கலர்?"

"ஆரஞ்சு" என்றாள் அனாஹி. யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக முடிவு பண்ணி வைத்திருந்தவள் மாதிரி.

'நாற்காலியை இருந்தபடியே விட வேண்டாம். ஆரஞ்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அவங்க இங்கதானே உட்கார்ந்திருக்காங்க, கையில குடுத்துடலாமே" என்றான் வில்மர்.

"பதிவுத் தபால்லதான் போகணும். பதினஞ்சாம் விதி" என்றார் எல்பியோ. நாக்கால் உறையின் ஓரத்தை நனைத்து, முஷ்டியால் குத்தி ஒட்டினார். அனாஹியின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரும். வந்ததும் ஆச்சரியப்படணும், தெரிஞ்சுதா?"

"படறேன் தலைவரே" என்றாள் அவள். மாத்தே குடுக்கையை வில்மரிடம் நீட்டினாள். "முதல்ல இவருக்கு. பாவம், உலகத்துலயே இல்லாத மனுஷன்."

வில்மர் ஒரே இழுப்பில் உறிஞ்சினான். நாக்கு வெந்தது. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினான். முதல் மாடியில் சுல்மாவின் இரவல் குடையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான். தபால் கவுன்டரில் இருந்த பெண் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு!"

"நனைஞ்ச குடையோட உள்ள வராதீங்க."

வில்மர் வாசலில் நின்று, பதினான்காம் விதிப்படி, குடையை நன்றாக உதறினான். உள்ளே போய் உறையை நீட்டினான். அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். உறை பின்னாலிருந்த சாக்குப்பைக்குள் விழுந்தது.